பொருள்: ‘யெல்லோஃபேஸ்’ தமிழில் எப்படி?

நண்பர்களே,

பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களுக்கான சொற்பட்டியலில் ‘யெல்லோஃபேஸ்’ (ஆசியரல்லாத நடிகர் ஒப்பனையிட்டு ஆசியராக நடிப்பது) என்பதற்கு ‘மஞ்சள் முகம்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். மஞ்சள் பூசிய முகம் நமக்கு மங்கலம். இழிவைச் சுட்ட வேண்டிய சொல் வாழ்த்தாகிவிடுகிறது.

நிறத்தைப் பிடித்துக்கொண்டாலும் பொருள் முழுதாக வராது. 1961இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனீஸ்’ படத்தில் ஜப்பானியரான யூனியோஷியாக வெள்ளை நடிகர் மிக்கி ரூனி. துருத்திய பொய்ப்பல், ஒட்டி இழுத்த இமை, கொச்சையாக்கிய உச்சரிப்பு. வேலை செய்வது பல்லும் இமையும் நாக்கும். சாயம் அப்புறம்தான்.

என் முன்மொழிவு: இனவேடம்.

---

> இனவேடம்

ஐயா, இலக்கணம் படித்தவர் கண்ணுக்கு இது தலைகீழாகப் படும். ங–க, ஞ–ச இனவெழுத்துகள். அங்கே ‘இனம்’ என்றால் தன்னோடு சேர்ந்தது. அப்படிப் பார்த்தால் ஜப்பானியர் ஜப்பானியராக நடிப்பதுதான் இனவேடம்!

‘அயலின வேடம்’ என்போம். நடிகருக்கு அயலான இனம் என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அயல் என்று படிப்பார்கள். வினைக்கு அலைய வேண்டாம், கூத்திலேயே இருக்கிறது: அயலின வேடம் கட்டினார்.

---

வழிமொழிகிறேன். வரையறையில் ‘வெள்ளை நடிகர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே 1961இல் வந்த ‘ஃபிளவர் டிரம் சாங்’ பெரும்பாலும் ஆசிய நடிகர்களைக் கொண்ட படம். அதில் மேடம் லியாங்காக நடித்த ஹுவானிதா ஹால் கறுப்பினத்தவர். அவர் ஏற்றதும் அயலின வேடம்தான்.

‘மாறுவேடம்’ வேறு. 1962இன் ‘மை கெய்ஷா’வில் ஷெர்லி மெக்லைன் ஏற்ற பாத்திரமே ஒரு நடிகை, கணவனுக்குத் தெரியாமல் கெய்ஷாவாக (ஜப்பானிய ஆடல்பாடல் கலைஞராக) வந்து அவன் படத்தில் நடிக்கிறாள். கதைக்குள் அது மாறுவேடம், மெக்லைனுக்கு அயலின வேடம். இரண்டு பதிவுகளிலும் ‘காண்க’ போட்டு இணைத்துவிடலாம்.

---

> ஹாலிவுட் தணிக்கை நெறிதான் காரணம் என்று விளக்கத்தில் சேர்க்கலாமா?

பாதிதான் சரி. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த அந்த நெறி வெள்ளையர்–கறுப்பர் உறவைக் காட்டுவதைத்தான் பெயர் சொல்லித் தடுத்தது. ஸ்டுடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் நீட்டின. சீன அமெரிக்கரான ஆன்னா மே வாங் போன்ற நடிகையருக்கு வெள்ளை நாயகனின் ஜோடியாகும் வாய்ப்பு அடைபட்டதற்கு இது விளக்கமாகும். ரூனிக்கு ஆகாது. தடை 1956லேயே நீக்கப்பட்டுவிட்டது. யூனியோஷிக்கு ஜோடியும் கிடையாது. சிரிப்புக் காட்டக் கட்டிய வேடம் அது. பழியை நெறிமேல் போட்டால் இயக்குநரும் தயாரிப்பாளரும் தப்பித்துவிடுவார்கள். விளக்கத்தில் வேண்டாம்.

---

சரி, ‘அயலின வேடம்’ பொதுச்சொல்லாகட்டும். அதன்கீழ் ‘பிளாக்ஃபேஸ்’ (கறுப்பராகக் காட்ட முகத்தைக் கறுப்பாக்கி நடிப்பது) தனிப்பதிவு. ‘கருமுகம்’ எடுபடாது: முகம் கறுத்தது என்றால் நமக்கு வாட்டம். கறுப்பரைக் கேலி செய்த அமெரிக்க மின்ஸ்ட்ரல் மேடைகளில் தக்கையைக் கருக்கி, குழைத்துப் பூசினார்கள். அதனால் ‘கரிப்பூச்சு வேடம்’. முகத்தில் கரி பூசுவது நம் வழக்கில் அவமானப்படுத்துவது. அந்தச் சாயல் ஒட்டிக்கொள்வதும் நல்லதே. எடுத்துக்காட்டுக்கு ‘ஸ்விங் டைம்’ (1936), ஃப்ரெட் அஸ்டேர். ‘ஹாலிடே இன்’ (1942), பிங் கிராஸ்பி.

‘கரிப்பூச்சு’ என்பதில் ப் மிகும். பட்டியலில் ஏற்றுபவர் விட்டுவிட வேண்டாம்.