பூச்சிமருந்து சென்சாருக்கு என்சைமா, ஆன்டிபாடியா, ஆப்டமரா?

கத்தரிப்பூ:
பயோடெக் கடைசி வருஷம். காய்கறில குளோர்பைரிபாஸ் இருக்கான்னு காட்டுற சின்ன சென்சார்தான் ப்ராஜெக்ட். எலக்ட்ரோடு ரெடி, அது மேல என்ன ஒட்டுறதுன்னுதான் குழப்பம். கைடு அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ்ங்கற நரம்பு என்சைமைப் போடுங்கறார், சீனியர் அக்கா ஆன்டிபாடிதான்ங்கறாங்க, பேப்பரைத் திறந்தா எல்லாம் ஆப்டமர், அதாவது ஒரு பொருளைக் குறிவச்சுப் பிடிக்கிற டிஎன்ஏ துண்டு. காசும் கம்மி, ஆறு மாசம்தான் டைம். எதை எடுக்கலாம்?

ஈல்மீன்:
நரம்பைத் தாக்குற மருந்து ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சா போதும்னா என்சைம் எடுங்க. குளோர்பைரிபாஸ்தானான்னு கேட்டா அதால சொல்ல முடியாது, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ரெண்டுமே அதை முடக்கும். இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா குளோர்பைரிபாஸ் அப்படியே இருந்தா என்சைமை பெருசா ஒண்ணும் பண்ணாது, அதுல இருக்க சல்பர் போய் ஆக்சிஜன் வந்து ஆக்ஸானா மாறினாத்தான் வீரியம், பூச்சி உடம்புல அது தானா நடக்கும், உங்க எலக்ட்ரோடுல நடக்காது. புரோமின் தண்ணி போட்டு மாத்தணும், மிச்ச புரோமினை நீக்கலன்னா அதுவே என்சைமைக் கெடுத்துடும். என்சைம் முடங்கி சிக்னல் குறையறதுதான் இங்க ரிசல்ட்டே, அதனால மருந்தடிக்காத காயோட சாறை வச்சு கன்ட்ரோல் ஓட்டாம எந்த நம்பரையும் நம்பாதீங்க.

பழைய_பிப்பெட்:
சீனியர் சொன்னதும் தப்பில்ல, ஆனா குளோர்பைரிபாஸோட மூலக்கூறு எடை 350 சொச்சம்தான், ரெண்டு ஆன்டிபாடி சேர்ந்து பிடிக்க இடமே இல்ல, அதனால சாண்ட்விச் முறை ஆகாது, ஒரே ஆன்டிபாடிக்கு சாம்பிள்ல இருக்க மருந்தும் லேபிள் போட்ட மருந்தும் போட்டி போடுற முறைதான். புதுசா உருவாக்கணும்னா ஹேப்டன், அதாவது அந்த மருந்து மாதிரியே ஒரு சின்ன மூலக்கூறு செஞ்சு, ஒரு புரதத்தோட கட்டி, முயலுக்கு ஊசி போட்டு... உங்க ஆறு மாசமும் காலி. ரெடிமேடா கிடைச்சா வாங்குங்க.
ஆப்டமர்னா எனக்கு கொஞ்சம் அலர்ஜி. ஆர்சனிக் ஆப்டமர் வச்சு அத்தனை பேப்பர் வந்த பிறகு 2019ல ஒரு குழு அது ஆர்சனிக்கைப் பிடிக்கவே இல்லன்னு காட்டுச்சு, தங்க நானோ துகள் மேலதான் ஆர்சனிக் ஒட்டிக்குதாம்! போட்டே ஆகணும்னா அதே எழுத்துக்களைக் கலைச்சுப் போட்ட இன்னொரு டிஎன்ஏவையும் ஓட்டிப் பாருங்க, அதுவும் அதே சிக்னல் குடுத்தா ஆப்டமரை நம்பாதீங்க.

கத்தரிப்பூ:
அப்போ என்சைமே. அசிட்டோநைட்ரைல் கரைப்பான்ல எடுத்த சாறை நேரா ஊத்தலாமா அண்ணா?

ஈல்மீன்:
ஐயோ வேணாம்மா, அதுவும் என்சைமை அடக்கும், மருந்தே இல்லாத காயும் பாசிட்டிவ் காட்டும். ஆவியாக்கிட்டு பஃபர்ல கரைங்க, இல்லன்னா நல்லா நீர்த்துடுங்க.