1998 டொயோட்டா சேசர் டூரர் வி கார்: ஒன்ராறியோவில் தனியாருக்கு விற்க என்ன ஆயத்தம் வேணும்?

கேள்வி:
ஜேஇசட்எக்ஸ்100 மொடல், 1ஜேஇசட் டர்போ எஞ்சின், ஃபேக்டரியிலயே போட்ட ஐந்து கியர் மனுவல். யப்பானில் இருந்து இறக்கினது. கொயிலோவரும் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) எக்ஸோஸ்ட்டும் மாற்றியிருக்கு, கழற்றின ஒரிஜினல் பாகங்கள் கைவசம். சேஃப்டி (கார் றோட்டில் ஓடத் தகுதி எண்ட சான்றிதழ்) எடுத்துப்போட்டு விளம்பரம் போடுறதா? வாங்கிறவை முதலில் எதைப் பார்ப்பினம்?

பதில்:
சேஃப்டி சான்றிதழ் 36 நாளைக்குத்தான் செல்லும். இந்த மாதிரிக் காருக்குச் சரியான ஆள் வர மாதக்கணக்கு எடுக்கலாம். விலை பேசி முற்பணம் வாங்கின பிறகு எடுங்கோ. யூவிஐபி பொதியை (பழைய கார் விற்கேக்க குடுக்கிற அரசாங்க விபரப் பொதி) மட்டும் முதலே எடுத்து வையுங்கோ. தனியார் விற்பனையில் அதைக் குடுக்கவேண்டியது விற்கிறவரின்ர சட்டப் பொறுப்பு.

விலையைத் தூக்கிறது யப்பான் கடதாசிகள். ஏலத் தாளில் (யப்பான் ஏலத்தில் காரைப் பரிசோதிச்சு எழுதின தாள்) இருக்கிற கிலோமீற்றரும் ஏற்றுமதிச் சான்றிதழில் இருக்கிறதும் ஒத்துவர வேணும். ஏலத் தாளில் தரம் ‘ஆர்’ எண்டால் அடிபட்டுத் திருத்தினது; அதை மறைக்காமல் விளம்பரத்திலயே எழுதுங்கோ. ஓட்டோவை மனுவலாக மாற்றின சேசர்கள் நிறைய ஓடுது. ஃபேக்டரியிலயே மனுவல் எண்டால், பொனட்டுக்குக் கீழ இருக்கிற தகட்டில் கியர்பொக்ஸ் ‘ஆர்154’ எண்டு அடிச்சிருக்கும். அந்தப் படம் இல்லாமல் ‘ஃபேக்டரி மனுவல்’ எண்டால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

பதில்:
கடதாசி சரி, ஆனால் ஒன்ராறியோ உப்பு றோட்டில் முதல் பார்வை அடிப்பக்கத்துக்குத்தான். கதவுக்குக் கீழ ஜக் வைக்கிற விளிம்பு, பின் சக்கர வளைவின் உட்புறம், ஸ்பெயார் ரயர் பள்ளம், முன் ஸ்ட்ரட் கோபுரம் (சஸ்பென்ஷனின்ர மேல்முனை பூட்டியிருக்கிற இடம்), நாலையும் லிஃப்டில் ஏற்றிப் படமெடுங்கோ. விற்க முதல் புதுசாக் கறுப்பு அண்டர்கோட் (அடிப்பக்கப் பூச்சு) அடிக்கவே வேண்டாம். துருவை மூடினதெண்டுதான் நினைப்பினம். துருப்பிடிக்காமல் ஒயில் ஸ்ப்ரே அடிச்ச ரசீதுகள் இருந்தால் காட்டுங்கோ.

எஞ்சினுக்குக் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அமுக்கம் அளக்கிறது) எடுத்து எண்களோட போடுங்கோ. எஞ்சின் சூடாக, பற்றரி முழுச் சார்ஜில, பெற்றோலையும் ஸ்பார்க்கையும் துண்டிச்சு, ஆறு பிளக்கையும் கழற்றி, த்ரோட்டிலை முழுசாத் திறந்து எடுக்கவேணும். த்ரோட்டில் மூடியிருந்தால் எண் பொய்யாகக் குறையும். சிலிண்டர்களுக்கு இடையில் வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்குள் நிக்க வேணும். பிளக் கழற்றேக்க குழியில் ஒயில் நிண்டால் வால்வ் கவர் கஸ்கெற் போயிட்டுது. அந்த ஒயில் இக்னிஷன் கொயில் ரப்பரை ஊறவைச்சு, டர்போ பூஸ்டில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் தவறுறது) குடுக்கும். மலிவான வேலை, முடிச்சுப்போட்டு விற்கலாம்.

டைமிங் பெல்ட் 100,000 கி.மீ.க்கு ஒருக்கா மாற்றவேண்டியது. ரசீதில் ரென்ஷனர், ஐட்லர், வோட்டர் பம்ப், கிராங் சீல் இருக்கோ பாருங்கோ. பெல்ட் மட்டும் எண்டால் விபரம் தெரிஞ்சவர் விலை குறைப்பார்.

பார்க்க வாற அண்டைக்கு எஞ்சினைச் சூடாக்கி வைக்காதேங்கோ. பொனட் சூடாக இருந்தால் எதையோ ஒளிக்கிறியள் எண்டு போயிடுவினம்.

கேள்வி கேட்டவர்:
ஒரிஜினல் சஸ்பென்ஷனைத் தனிய விற்றால் கூடக் காசு வருமோ?

பதில்:
வேண்டாம். கொயிலோவர் உயரத்தால சேஃப்டி கிடைக்காட்டி ஒரிஜினல்தான் கைகுடுக்கும். காரோடயே குடுங்கோ.

வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு எல்லாக் கொம்பனியும் இன்ஷூரன்ஸ் தராது. முற்பணம் தர முதலே வாங்கிறவரை இன்ஷூரன்ஸ் விலைக் கணிப்பு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ. கியூபெக்கில் 25 வருசத்துக்குக் குறைஞ்ச வலப்பக்கக் கார்கள் ஓடேலாது, உங்கட 1998க்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்க இறக்குமதிக்கும் 25 வருசம்தான் கணக்கு, அதால அங்கயிருந்தும் கேட்பினம். வயதை நிறுவ ஏற்றுமதிச் சான்றிதழின் மூலப்பிரதி அவைக்குத் தேவைப்படும்.

வாங்கிறவர் 13% வரியைக் குறைக்க ரசீதில் சின்னத் தொகை எழுதச் சொல்லுவார், எழுதாதேங்கோ. பாங்க் ட்ராஃப்ட்டை அவரின்ர கிளைக்கே போய், உங்கட கண்முன்னால எடுக்கச் சொல்லுங்கோ. நம்பர் பிளேட் உங்கடது, கழற்றி எடுத்துப்போட்டுத்தான் திறப்பைக் குடுக்கவேணும்.