துப்பு, சுவடு, தடம்: சுறாவின் உடலில் தங்கும் மாசுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நடுக்கடல் சுறாக்கள் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

சுறாவின் தசையில் பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் சேர்கிறது; டி.டி.டி. (பூச்சிக்கொல்லி), பி.சி.பி. (தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகள் ஈரலில் தங்குகின்றன. இவற்றை அளந்து, அந்தச் சுறா எங்கே, எந்த ஆழத்தில், எதைத் தின்று திரிந்தது என்று ஊகிக்கிறார்கள். மெத்தில் பாதரசம் ஆக்சிசன் குறைந்த இடையாழத்தில் மிகுதியாக உருவாவதால், அங்கே இறங்கி இரை தேடும் மீன்களிடம் அது கூடுதல். டி.டி.டி.க்கும் பி.சி.பி.க்கும் உள்ள விகிதமோ கடலுக்குக் கடல் மாறும். இப்படிச் செய்தி சொல்லும் மாசை டிரேசர் என்கிறார்கள். தமிழில் என்ன போடலாம்?

*

'சுவடு' இருக்கிறதே, போதாதா?

*

போதாது. இம்மியளவில் உள்ளவற்றைச் சுவடுத் தனிமங்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோம். சுறாவில் இருப்பது கடல்நீரில் உள்ளதைவிடப் பல லட்சம் மடங்கு. 'தடங்காட்டி' என்போம்.

*

செயற்கைக்கோள் கருவியைத் துடுப்பில் பொருத்தியும் சுறாவின் தடம் பார்க்கிறார்கள். மாணவர் அதைத்தான் நினைப்பார்.

*

ஐயா, 'துப்பு' என்ற சொல் கையில் இருக்க ஏன் இந்த அலைச்சல்? 'துப்பார்க்குத் துப்பாய' என்ற குறளில் துப்பு உணவு. பேச்சிலோ துப்புத் துலக்குகிறோம். சுறாவுக்கு மாசு வருவது உணவு வழியே. நமக்குத் துப்புக் கிடைப்பதும் அதே வழியே. பவளத்துக்கும் துப்பு என்று பெயர் உண்டு, ஆகக் கடலும் வந்துவிட்டது! 'துப்புமாசு' என்றே வையுங்கள். அப்படியே பாதரசத்தை விட்டுவிட்டு அதன் பழந்தமிழ்ப் பெயரான 'இதள்' என்று எழுதுங்கள்.

*

பவளம் எதற்கு ஐயா இங்கே? வகுப்பில் 'துப்புமாசு' என்றால் சுறா துப்பிய அழுக்கு என்பார்கள். அது துப்பாததுதானே சிக்கலே! உள்ளே தங்குவதால்தான் அளக்க முடிகிறது. தாய்ச்சுறா தன் சுமையில் ஒரு பங்கைக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. பிறந்த குட்டியின் ஈரலில் இருப்பது தாய் தின்றதன் கணக்கு. அதைத் 'துப்பு' என்றால் யாருடைய துப்பு?

*

ஒற்றன் போல உள்ளிருந்து சேதி சொல்வதால் 'ஒற்றுமாசு'?

*

ஒற்றுப்பிழை என்றுதான் படிப்பார்கள். மெய்ப்பு பார்ப்பவர் நடுவில் ஒரு 'ப்' போடலாமா என்று கேட்பார்.

*

நன்றி. பெரும்பாலோர் களைத்துப்போய் ஒப்புக்கொண்டதால் 'வேதித் தடங்காட்டி' என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். துடுப்பில் மாட்டுவதைக் 'கண்காணிப்புக் கருவி' ஆக்கினேன். பாதரசம் பாதரசமாகவே இருக்கிறது.

*

சரி. இதளையாவது அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கலாம்.