வைன் குளிர்பெட்டி: திருகோணமலை வெக்கைக்கு எது தாங்கும்?

உவர்மலை மருமகன்:
பாரிஸில் இருக்கும் மைத்துனர் ஆடி மாதம் வரும்போதெல்லாம் மூன்று நான்கு போத்தல் வைன் கொண்டுவருகிறார். நான் குடிப்பது அரிது. சேர்ந்து சேர்ந்து பதினான்கு போத்தல் இப்போது அரிசி வாளிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. பன்னிரண்டு போத்தல் கொள்ளும் சிறிய வைன் குளிர்பெட்டி ஒன்றைக் கடையில் பார்த்தேன். கொம்பிரசர் இல்லாததாம், சத்தமே இல்லை, விலையும் கையைக் கடிக்கவில்லை. வாங்கலாமா?

நிலாவெளி விடுதிக்காரி:
வேண்டாம் அண்ணை. அதே வகையைத்தான் நானும் வாங்கிச் சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தேன். முகப்பில் 12 என்று எழுத்து ஒளிரும். கச்சான் வெக்கைக் காற்று வீசும் நாளொன்றில் வெள்ளைக்காரர் ஒருவர் போத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்று இரவு ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு உள்ளே வைத்துக் காலையில் எடுத்தேன். 21 பாகை! பின்வரிசைப் போத்தல் ஒன்றில் தக்கை அரை விரல் மேலே தள்ளி, கழுத்தைச் சுற்றி வைன் கசிந்து பிசுபிசுத்தது. அதற்கு எறும்பு வேறு.

உப்புவெளி ஏசி அறை:
தங்கச்சி, பெட்டியில் பிழையில்லை, வைத்த இடத்தில்தான் பிழை. என்னிடம் இருப்பதும் கொம்பிரசர் இல்லாததுதான். படுக்கையறை ஏசியை 25இல் வைக்கிறேன், உள்ளே 13 நிற்கிறது. அதிர்வு இல்லாததால் வைனின் அடிமண்டி கலங்காது. கொம்பிரசர் பெட்டி இரவெல்லாம் உறுமும்.

சீனக்குடா திருத்துநர்:
நீங்கள் இருவரும் சொல்வது ஒரே கணக்குத்தான். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சூட்டை அறைக்குள்தான் தள்ள வேண்டும். ஆகவே அறையை விடப் பத்து, மிஞ்சினால் பதினைந்து பாகைதான் குறைக்கும். வைன் நெடுநாள் இருக்க வேண்டியது 12, 13 பாகையில். 25 பாகை அறையில் அது நடக்கும். 34 பாகை அறையில் 21 பாகை குறைக்க வேண்டுமே! எட்டாத குளிரை எட்டப் பார்த்து இரவு பகலாக ஓடும். 70 வோட் எடுக்கும் பெட்டி நிற்காமல் ஓடினால் மாதம் 50 அலகு. அலகு கூடக் கூட வீதமும் ஏறுவதை நான் சொல்லவா வேண்டும்?

நிலாவெளி விடுதிக்காரி:
ஏசி அண்ணை, சில போத்தலுக்காக இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி போடுகிறீர்களா?

உப்புவெளி ஏசி அறை:
பகலில் நிறுத்துவதுண்டு.

நிலாவெளி விடுதிக்காரி:
அப்படியென்றால் பகலில் எத்தனை பாகை என்று ஒருநாள் அளந்து பாருங்கள். ஏறி இறங்கும் சூடு, ஒரே அளவில் நிற்கும் சூட்டை விடக் கேடு.

டச்சு விரிகுடா கிழவன்:
பிள்ளைகளே, பதினான்கு போத்தலுக்கு ஏன் தனிப் பெட்டி? கடையில் விற்கும் வைனில் பெரும்பங்கு ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்தது. வீட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். வெள்ளை வைனைப் பத்து நிமிடம் முன்பு எடுங்கள், சிவப்பை அரை மணி முன்பு. முடிந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்களே, அந்த நாளில் உங்கள் கண்ணாடிக் கதவுப் பெட்டி வெறும் அலமாரிதான்.

நிலாவெளி விடுதிக்காரி:
ஐயா, பிரிட்ஜுக்குள் 4 பாகை, காற்றும் வறண்டது. மாதக்கணக்கில் கிடந்தால் தக்கை காய்ந்து சுருங்கும். பக்கத்தில் அறக்குளா மீன் இருந்தால் என்ன ஆகும்?

டச்சு விரிகுடா கிழவன்:
திருகு மூடிக்குத் தக்கை ஏது மகளே? தக்கைப் போத்தலை முதலில் குடியுங்கள். அறக்குளாவுக்கு மூடியுள்ள பெட்டி வாங்குங்கள், விலை குறைவு.

உவர்மலை மருமகன்:
கொம்பிரசர் வகைதான் வேண்டுமென்றால், கனடாவிலிருந்து அக்கா ஒன்றைக் கப்பலில் போடுகிறேன் என்கிறார்.

சீனக்குடா திருத்துநர்:
வேண்டாம் தம்பி. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. கொம்பிரசர் சூடேறிச் செத்துப்போகும். இங்கே வாங்கினாலும் பெட்டியைத் திருப்பிப் பின்தகட்டைப் பாருங்கள். காலநிலை வகுப்பு என்று ஓரிரு எழுத்து இருக்கும். 'எஸ்.என்.' (SN), 'என்' (N) என்றால் 32 பாகை அறை வரைக்கும்தான். 'எஸ்.டி.' (ST) 38 வரை, 'டி' (T) 43 வரை. நம் ஊருக்குக் கடைசி இரண்டில் ஒன்று. மேசைக்கடியில் செருகப் போகிறீர்கள் என்றால் முன்பக்கம் சூடு விடும் வகையாக இருக்க வேண்டும், பின்பக்கம் விடுவதைச் சுவரோடு ஒட்டினால் மூச்சுமுட்டும். கடற்கரை வீடு என்றால் உப்புக் காற்று பின்சுருளை அரித்துவிடும், வருடம் இருமுறை துடைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மூன்று நிமிடமாவது பொறுத்துத் திரும்பத் தொடக்கும் காப்புக் கருவியும் தேவை. போத்தல் எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். மெலிந்த போர்தோ போத்தலை வைத்துத்தான் பன்னிரண்டு என்பார்கள். வயிறு பெருத்த பர்கண்டி வந்தால் ஒன்பதே திணறும்.

உப்புவெளி ஏசி அறை:
நேற்று அளந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு 19. வேறொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் சத்தம் இல்லை என்பது உண்மை.

உவர்மலை மருமகன்:
கடைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பச் சொன்னேன். 'என்' என்று இருந்தது. அது 'நோர்மல்' என்பதன் முதலெழுத்து என்றான் கடைப் பையன்.

சீனக்குடா திருத்துநர்:
நோர்மல்தான். பாரிஸில்.

உவர்மலை மருமகன்:
வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து இருப்பதிலேயே பழைய சிவப்பு போத்தலைத் திறந்தேன். புளிக்கரைசல் நிறம், காய்ச்சிய பழப்பாகு மணம். மனைவி முகர்ந்துவிட்டுக் கழுவுதொட்டியைக் காட்டினார். மிச்சம் பதின்மூன்றில் திருகு மூடி ஒன்பது, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஏறிவிட்டன. தக்கைப் போத்தல் நான்கு.

டச்சு விரிகுடா கிழவன்:
சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பீர்களா?

நிலாவெளி விடுதிக்காரி:
ஐயா போகும்போது வெப்பமானியையும் கொண்டுபோங்கள், நான் தருகிறேன். நான் 'டி' வகுப்புக் கொம்பிரசர் பெட்டி ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டேன்.