சோலோவில் கிடைத்த கெரிஸ்: வயதை எப்படிக் கணிப்பது? உறையும் கத்தியும் ஒரே ஜோடிதானா?

நூற்பாலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நூற்பாலை வேலையாக ஆறு வருடமாக ஜாவாவில் சோலோ நகரத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கார அம்மா மகனோடு இருக்க ஜகார்த்தா கிளம்பும்போது, காலமான தன் கணவரின் கெரிஸ் (ஜாவாக் குத்துவாள்) ஒன்றை என் கையில் கொடுத்து, நீ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மாமனார் காலத்துக் கத்தி என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் "மஜாபாகித் பேரரசுக் காலம், எழுநூறு வருடம், விண்கல் இரும்பு" என்று சொல்லி விலையும் பேச ஆரம்பித்தார். விற்கும் எண்ணம் இல்லை, உண்மை தெரிந்தால் போதும்.

கத்தி 36 செ.மீ., எட்டு வளைவு. சாம்பல் நிறத்தில் அரிசி சிந்தினாற்போல் புள்ளிப் புள்ளியாகக் கோலம், நடுவில் துரு. பிடி விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. உறையின் தலை மரம், படகு போல் இரண்டு பக்கமும் நீண்டு ஒரு முனை சுருண்டிருக்கிறது, கீழே பித்தளைக் கவசம். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படம் எடுக்கலாமா?

மலாக்காவாசி:
புளியைக் கீழே வையுங்கள் தம்பி! உப்புத்தாளும் வேண்டாம், துரு நீக்கும் திரவமும் வேண்டாம். வயதைச் சொல்லப்போவதே அந்த மேற்பரப்புதான். அப்புறம், வளைவை மறுபடி எண்ணுங்கள். லுக், அதாவது வளைவு, எப்போதும் ஒற்றைப்படைதான். அடியில் முதல் வளைவிலிருந்து இடம், வலம் என்று மாற்றி மாற்றி நுனிவரை போங்கள். எட்டு வந்தால் ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

பட்டறைத்துணை:
யோக்யகர்த்தாவில் பதினைந்து வருடமாகக் கெரிஸ் கழுவுகிறவர்களோடு உட்கார்ந்து பழகியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கத்திக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது, பிடிக்கு ஒரு வயது. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மரம் உளுத்துப்போகும், கரையான் தின்னும், கல்யாணத்துக்கு என்று புது உறை வாங்குவார்கள். ஜாவாக் கத்திக்கு பாலி உறை போட்டதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்கிற படகு வடிவம் லாட்ராங், விசேஷத்துக்கு அணிவது. அன்றாடத்துக்கு உருண்டையாக, அடக்கமாக இருக்கும் காயாமான். 1755 கியாந்தி ஒப்பந்தத்தில் மாத்தராம் அரசு இரண்டாகப் பிரிந்த பிறகு சோலோவுக்கு ஒரு பாணி, யோக்யாவுக்கு ஒரு பாணி என்று நிலைத்துவிட்டது. சோலோ லாட்ராங் அகலமாகப் பெருமிதமாக விரியும், யோக்யாவில் அதையே பிராங்கா என்பார்கள், சற்றுச் சிறியது. ஆகவே உறை சொல்வது கத்தி எந்த ஊரில் உடுத்திக்கொண்டது என்பதை மட்டும்தான். எப்போது அடித்தார்கள் என்று அதைக் கேட்காதீர்கள்.

இனி கத்தி. அடியில் குறுக்காக ஒரு துண்டு இருக்கும், அதன் பெயர் கோன்ஜோ. கத்தியும் அதுவும் சேரும் இடத்தில் மயிரிழை போல் கோடு தெரிகிறதா? பெரும்பாலும் தனித்துண்டாகச் செய்து பொருத்துவார்கள், ஒரே துண்டாக அடித்த நல்ல கத்திகளும் உண்டு, அதனால் கோடு இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கோட்டைக் கீறி மட்டும் வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து அந்த அரிசிக் கோலம், பாமோர். வோஸ் வுத்தா என்றே பெயர், சிந்திய அரிசி என்றுதான் அர்த்தம். விளிம்பில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அடுக்குகள் ஓரம் வரை ஓடினால் மடித்து அடித்த இரும்பு. மேலோடு நின்றுவிட்டால் அமிலத்தால் வரைந்தது. பாமோர் வெள்ளிபோல் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் கடையில் வாங்கிய சுத்த நிக்கல் தகடாக இருக்கலாம், அது 20ஆம் நூற்றாண்டு வேலை. மங்கிய சாம்பல் என்கிறீர்கள், அது நல்ல சேதி. பிரம்பனான் விண்கல் சோலோ அரண்மனைக் கொல்லர்களுக்குக் கிடைத்தது உண்மை, அதற்காக எல்லாக் கத்தியும் விண்கல் ஆகிவிடாது.

மஜாபாகித் என்று விற்பவர் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். கத்தியில் வருடம் பொறிப்பது மிக அபூர்வம். சக வருடம் 1264, அதாவது கி.பி. 1342 பொறித்த க்னாவ்ட் கெரிஸ் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, அதைப் பெரிதாகப் பேசுவதே அது அபூர்வம் என்பதால்தான்.

பிடிக்குப் பசை போடாதீர்கள். மெல்லத் திருகிக் கழற்றி, உள்ளே போகும் கம்பியான பெசியில் பருத்தித் துணி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி திருகுங்கள், ஆட்டம் நின்றுவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், காறிப்போய்ப் பிசுபிசுக்கும்.

துருவை யோக்யாவில் கழுவுகிறவர்கள் இளநீரில் ஊறவைத்து, எலுமிச்சை, லெராக் போட்டு எடுப்பார்கள். லெராக் வேறொன்றுமில்லை, நம் பூந்திக்கொட்டை வகைதான். அதற்குப் பிறகுதான் வாராங்கான், அதாவது மனோசிலை போன்ற ஆர்சனிக் கனிமத்தை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசுவது. இரும்பு கறுக்கும், நிக்கல் அடுக்கு வெளுப்பாகவே நிற்கும், கோலம் எழுந்து வரும். கொடிய விஷம் அது. வீட்டில் செய்யவே கூடாது.

கடைசியாக ஒன்று, உறையின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

நூற்பாலைக்காரன்:
அண்ணா, ரொம்ப நன்றி. வளைவு ஒன்பது, நுனியை ஒட்டிய ஒன்றை விட்டிருந்தேன். கோன்ஜோ கோடு தெளிவாக இருக்கிறது, அடுக்குகளும் ஓரம் வரை ஓடுகின்றன. ஓரம் பல இடத்தில் காகிதம் மாதிரி மெலிந்து கடித்தாற்போல் இருக்கிறது. உறை வாய்க்குள் பார்த்தால், ஒரு பக்கம் வேறு நிற மரத்தில் தீக்குச்சி அகலத்துக்கு ஒரு சிம்பு ஒட்டியிருக்கிறது. அதை விட்டால் கத்தி லொடலொடவென்று ஆடும்.

பட்டறைத்துணை:
அந்தச் சிம்புதான் பதில். ஜாவாவில் கோன்ஜோவின் அளவுக்கே வாயைக் குடைவார்கள். இந்த உறை வேறொரு கத்திக்குச் செய்தது, அல்லது தயாராக விற்றது. ஓரம் கடிபட்டது பல தலைமுறை எலுமிச்சை. என் கணிப்பில் கத்தி இந்தோனேசியச் சுதந்திரத்துக்கு முந்தியது, உறை அதைவிட இளையது. சோலோவிலேயே 2017இல் திறந்த கெரிஸ் நுசாந்தாரா அருங்காட்சியகம் இருக்கிறதே, கத்தியை எடுத்துக்கொண்டு போய் நேரில் கேளுங்கள், படத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் 50 வருடத்துக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருட்கள் பற்றிய 2010 சட்டத்தையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

நூற்பாலைக்காரன்:
வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். உறை என்றதும் அவர்களே சொன்னார்கள்: பழைய உறையைக் கரையான் தின்றுவிட்டதாம், 1968இல் அவர்கள் கல்யாணத்துக்கு மாமனார் சந்தையில் இதை வாங்கி, பக்கத்து வீட்டுத் தச்சரிடம் கொடுத்துக் கத்திக்குத் தகுந்தபடி சரிசெய்தாராம். சிம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை அருங்காட்சியகம் போகிறேன், வந்து எழுதுகிறேன்.