எனிக்மா பற்றிய சிறார் நாவல்: விளக்கம் எவ்வளவு போதும்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் உடைத்துப் படித்த இடமான பிளெட்ச்லி பார்க்கில் நடக்கிற நாவல் ஒன்று எழுதுகிறேன், பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு. எதிரிகள் செய்திகளை ரகசிய எழுத்துகளாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தை உடைத்த விதத்தை விளக்கினால் கதை நின்றுவிடுகிறது, விட்டால் மந்திரம் போட்ட மாதிரி ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரே ஒரு ஓட்டையை மட்டும் காட்டுங்கள். எனிக்மாவில் தட்டுகிற எந்த எழுத்தும் ரகசியச் செய்தியில் அதே எழுத்தாக வராது. நீளமான ஒரு செய்தியில் 'எல்' என்ற எழுத்தே இல்லை என்பதைக் கவனித்த பிளெட்ச்லி ஊழியர் மேவிஸ் லீவர், இத்தாலிய ஆபரேட்டர் சோதனைக்காக 'எல்'லையே திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறான் என்று பிடித்துவிட்டார். அப்போது அவருக்கு 19 வயசுதான்! பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பதில்: பிளெட்ச்லியின் பிரபல கணித மேதை ஆலன் டூரிங் ஒருவரே எல்லாம் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ். 1932-லேயே போலந்தின் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி எனிக்மாவை உடைக்க வழி திறந்துவிட்டார். பிளெட்ச்லியில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

கேட்டவர்: சரி, நாயகியை அந்த 'எல்' செய்தி முன்னால் உட்கார வைக்கிறேன்.