ரிச்மண்டுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: அக்டோபரில் அம்மாவோடு லண்டன் வருகிறேன். தேம்ஸ் கரை ரிச்மண்டில் ஆற்றங்கரை, மான் பூங்கா, பக்கத்தில் கியூ தோட்டம், மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பதில் 1: பேராசை! கியூவுக்கே ஒரு நாள் போய்விடும், அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா சுமார் 2,500 ஏக்கர், அம்மாவை அங்கே நடக்கவைத்தால் அப்புறம் உங்களிடம் பேசமாட்டார். ரிச்மண்ட் ஹில் மேலே டாக்ஸியில் போய், ஆறு வளைந்து போவதை உட்கார்ந்து பாருங்கள். அந்தக் காட்சியைக் காப்பாற்றவே 1902-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பதில் 2: வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயில்தான் வேகம், டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ஊர்ந்துதான் வரும். அக்டோபர் மான்கள் இணைசேரும் காலம், கிடாக்கள் முறைத்துக்கொண்டு நிற்கும். 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

பதில் 3: கார் எடுத்தால் கரையோரம் நிறுத்தாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஓதம் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் சாலைக்கே வந்துவிடும். நான் ஒருமுறை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு காரைத் தேடியிருக்கிறேன்.

கேட்டவர்: சரி, கியூ மறுநாள். மானை அம்மா தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வாராம்.